வேண்டா தீட்டிய கறுப்பு

செங்கல்பட்டில் ஒரு பேங்க் வாசலில் பொம்மைத் துப்பாக்கியை நீட்டிய பையனை நிஜத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்களாம்.

இந்தச் சேதி மாமல்லபுரம் கடற்கரைக்கு இளநீரோடு வந்து இறங்கியது. முனியம்மாவுக்கு இளநீர் போடுகிற லாரிக்காரன் சொன்னான். அவனுக்கு அவன் மச்சான் சொன்னானாம். முனியம்மா அதை வேண்டாவிடம் சொன்னபோது பையன் செத்தே போயிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சங்குமாலைக்காரர்களிடம் சொன்னபோது அவனுக்கு உயிர் திரும்பி, காலில் மட்டும் குண்டு இருந்தது.

"மெய்யாலுமா சொல்ற?" என்றாள் வேண்டா.

"நான் இன்னா, கூட நின்னா பாத்தேன்? சொன்னாங்கோ, சொல்றேன்." முனியம்மா அரிவாளால் வேண்டாவின் தள்ளுவண்டியைக் காட்டினாள். "அதோ தொங்குது பாரு, அந்த மாதிரி ஜாமான்தானாம்."

தள்ளுவண்டியின் மேல் கம்பியில் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகத் தொங்கின கைத்துப்பாக்கிகள். வேண்டா அண்ணாந்து பார்த்தாள். "அது பிளாஸ்டிக் மணி சுடுற ஜாமான். கொசு கூட சாவாது" என்றாள். சொன்னாளே தவிர, கையில் இருந்த பலூனை ஊதி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு கூடுதலாகப் பிடித்தது.

அது 2002ஆம் வருஷத்துக் கோடை. வேண்டாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே ஏரிப்பாசனத்தை நம்பிய ஊரில், நான்காவதும் பெண்ணாகப் பிறந்தவள். இனிமேல் பெண்ணே வேண்டாம் என்று சாமிக்குத் தெரியப்படுத்துவதற்காக வைத்த பெயர் அது. சாமி காதில் விழவில்லை, ஐந்தாவதும் பெண். அந்தக் குழந்தைக்குப் பூங்கொடி என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். "எனக்கு வெச்ச பேரு வேல செய்யல. அவளுக்கு ஸோக்கா ஒண்ணு கெடச்சுது" என்று சொல்லிச் சிரிப்பாள் வேண்டா. வெள்ளைக்காரர்கள் பெயர் கேட்டு, அர்த்தமும் கேட்டால், "நோ நீட்" என்பாள். எதுவும் வாங்கத் தேவையில்லை என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அதற்கும் சிரிப்பாள்.

ஆட்டோ ஓட்டும் எல்லப்பனைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் வந்தவள், முதலில் சிப்பி மாலையும் கிளிஞ்சல் சிமிழும் விற்றாள். கடைக்குக் கடை அதே சிப்பி, அதே சிமிழ். பெரியவர்கள் பேரம் பேசிப் பேசி உயிரை எடுத்தார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளோ பேரம் பேசவில்லை, அழுதார்கள். அதைப் பார்த்துத்தான் பொம்மைக்கு மாறினாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொம்மையையும் ஓட்டிக் காட்டாமல் கொடுக்கமாட்டாள். தவளைக்குச் சாவி கொடுத்து மணலில் விடுவாள்; ஊதலை ஊதிப் பார்த்து முந்தானையில் துடைத்துத் தருவாள். வீட்டுக்குப் போனதும் ஓடவில்லை என்றால் அந்தப் பிள்ளை அழும், அந்த அழுகை தனக்கு ஆகாது என்பது அவள் கணக்கு.

துப்பாக்கி அவளுக்குப் புதிதல்ல. தீபாவளிக்குத் தீபாவளி தகரத் துப்பாக்கியும் சுருள் கேப்பும் விற்றவள்தான். வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருக்கும் அதை நீட்டினால் காக்கா கூட எழுந்து போகாது. பிறகு ஒருநாள் பாரிமுனையில் மொத்தக்கடைக்காரர் ஒரு புதுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது கறுப்புத் துப்பாக்கி. கனமாக இருந்தது. பிடியில் சொரசொரப்பு, அடியில் தட்டினால் குண்டுப் பெட்டி தனியாகக் கழன்று வந்தது. இழுத்துச் சுட்டால் பாசிப்பயறு அளவுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் மணி பறந்து போய் எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்தது. ஆனால் வாய் மட்டும் ரத்தச் சிவப்பு.

"இது இன்னாத்துக்கு சேட்டு, வாய்ல சிவப்பு?"

"அப்படியேதான் வரும். எந்த ஊர் சட்டமோ, அவங்க போடறாங்க. உனக்கு எத்தனை பெட்டி?"

அந்தச் சட்டம் எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறந்த குழந்தைக்குக் கன்னத்தில் பொட்டு வைப்பது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டாள்.

கடற்கரையில் அந்தச் சிவப்பு விலைபோகவில்லை. பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், கண் விரியும், பிறகு வாயைப் பார்ப்பார்கள். "ஐயே, லிப்ஸ்டிக் போட்டுகினு கீது" என்று ஒருவன் சொல்ல, கூட வந்த கும்பலே சிரித்தது. பாதி பெட்டி அப்படியே நின்றது. எல்லப்பன் அந்த மாதம் ஆட்டோவை எஃப்.சி. சோதனைக்குக் காட்டக் கறுப்புப் பெயிண்ட் வாங்கி அடித்திருந்தான். டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேண்டா ஒரு ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினாள். ஒரு துப்பாக்கியின் வாயைச் சுற்றித் தீட்டி, வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அது விற்றுப்போனது.

அதற்குப் பிறகு விடிந்ததும் பெயிண்ட் அடிப்பதே வேலையாயிற்று. வெளியே வழியாமல், உள்ளே போய்க் குழாயை அடைக்காமல், மெல்லிசாக ஒரு சுற்று. எல்லப்பன் பல் விளக்கிக்கொண்டே நின்று பார்ப்பான். "நீ சிற்பக் கல்லூரில சேந்திருக்க வேண்டியவமே" என்பான். கடற்கரை முழுக்க நாலு பேர் துப்பாக்கி விற்றார்கள். ஆனால் கறுப்பு வாய் வேண்டுமென்றால் வேண்டா வண்டிக்குத்தான் வரவேண்டும்.

முனியம்மா சேதி சொன்ன மறுநாளுக்கு மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் கடை கடையாக நடந்து வந்தார். வேண்டாவின் வண்டிமுன் நின்று ஒரு துப்பாக்கியை எடுத்துக் கையில் ஆட்டிக் கனம் பார்த்தார்.

"அசல் மாதிரியே பண்ணிகிறானுங்கோ. இந்தா, இதெல்லாம் வெளில தொங்க வுடாத. எங்க ஐயா சொல்லிகிறாரு."

"தொங்க வுடக்கூடாதா சார், விக்கவே கூடாதா?"

கான்ஸ்டபிள் யோசித்தார். அந்தக் கேள்வி அவரிடம் யாரும் கேட்காத கேள்வி போலும். "எழுத்துல ஒண்ணும் வர்ல. வந்தா சொல்றேன். இப்போ எடுத்து உள்ள வை."

வேண்டா எல்லாவற்றையும் கழற்றிக் கோணியில் போட்டுக் கட்டி, வண்டிக்கு அடியில் தள்ளினாள். எழுத்தில் வராவிட்டால் என்ன, மனசுக்குள் ஒரு பையன் ஒருநாள் செத்தும் ஒருநாள் பிழைத்தும் கிடந்தானே, அவனுக்காகவே விற்கவேண்டாம் என்று தீர்மானித்தாள். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இல்லை என்று அனுப்பினாள். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னும் போணி ஆகவில்லை. கடற்கரையில் கடை போடுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், போணி என்றால் என்ன என்று சொல்வார்கள். நாளின் முதல் விற்பனை. அந்தக் கையின் ராசிதான் அன்று முழுக்க. போணிக்கு வந்தவரைச் சும்மா திருப்பி அனுப்பினால் லட்சுமியைப் பிடித்து வெளியே தள்ளியது போல. அடக்க விலைக்குக் கொடுத்தாவது அனுப்புவார்கள்; இல்லாத பொருளென்றால் பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுப்பார்கள். வேண்டா இந்த விஷயத்தில் எல்லாரையும்விடக் கண்டிப்பானவள். வண்டியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

செல்வராஜ் வந்தார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருக்கும் என்ஜினியர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதால் வேண்டாவுக்குத் தெரிந்த முகம். இந்தமுறை விருந்தாளி இல்லை. மகன் ஆதித்யா மட்டும். பத்து வயது இருக்கும். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

"என்னம்மா, சௌக்கியமா? எங்க வீட்ல சியாமளா ஒரு சிப்பித் திரை கேட்டாளே, வந்துதா?"

"வர்ற வாரம் வந்துடும் சார்."

"வந்தா ஒரு போன் பண்ணிருங்க. நான் வந்து எடுத்துக்கறேன்." பக்கத்தில் கிடந்த பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து வீட்டு நம்பரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஆதித்யா அதற்குள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். "அப்பா, துப்பாக்கியக் காணோம்."

"துப்பாக்கி இல்ல கண்ணு. இதோ பாரு, ஹெலிகாப்டரு. கயித்த இழுத்தா மேல போவும்."

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் இங்கதான் வாங்கினான். கறுப்பு வாய். மத்த கடைல எல்லாம் சிவப்பு."

"அது தீந்துபோச்சு நைனா."

பையன் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஊதலைக் கொடுத்துச் சமாளித்திருப்பாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரிடா, அப்புறம் பார்ப்போம். வரட்டுமாம்மா?" செல்வராஜ் திரும்பினார்.

வேண்டாவுக்குக் கற்பூர வாசனை இன்னும் மூக்கில் இருந்தது. போணிக்கு வந்த கை வெறுங்கையாகத் திரும்பிப் போகிறது. அதுவும் குழந்தையின் கை. அவர்கள் நாலு எட்டு வைப்பதற்குள் அவள் வாய் தானாகத் திறந்தது.

"சார், நில்லுங்கோ. போணி டைம்ல வெறுங்கையா போவாதீங்க."

குனிந்து கோணியை அவிழ்த்தாள். மேலாகக் கிடந்த ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். வழக்கம்போல ஓட்டியும் காட்டினாள்: குண்டுப் பெட்டியைத் தட்டிச் சேர்த்து, இழுத்து, கடலைப் பார்த்து ஒரு மணியைச் சுட்டாள். "கண்ணுக்கு நேரா புடிக்கக் கூடாது, இன்னா? பூனை நாய் மேல சுடக்கூடாது." அவளுக்குத் தெரிந்த ஆபத்தையெல்லாம் சொன்னாள். ஆதித்யா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். செல்வராஜ் கொடுத்த நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"இப்போ நேரா எங்க போறீங்கோ?"

"முட்டுக்காடு. போட்ல போகணும்னு ரொம்ப நாளா கேக்கறான். சாயந்திரமாத்தான் வீடு."

"ஆண்ட்டி, எங்க கேட்ல ஒரு செக்யூரிட்டி அங்கிள் இருக்காரு. நெஜத் துப்பாக்கி வச்சிருப்பாரு. நான் டெய்லி சல்யூட் அடிப்பேன்." ஆதித்யா இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து ஒரு கண்ணை மூடினான். "இன்னைக்கு ஹேண்ட்ஸ் அப் சொல்லப் போறேன். அவர் பயந்துருவாரு!"

செல்வராஜ் சிரித்தார். வேண்டாவும் சிரித்தாள்.

போணி நல்ல போணி. கூட்டம் அலைமோதியது. ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மதியத்துக்குள் தவளையெல்லாம் தீர்ந்தது, ஹெலிகாப்டரில் இரண்டுதான் மிச்சம். "யாரு கையில போணி பண்ண? எனக்கும் அனுப்புடி" என்று முனியம்மா கண் வைத்தாள். துப்பாக்கிக் கோணியை வேண்டா மறுபடி அவிழ்க்கவில்லை.

வெயில் சாயும்போது எல்லப்பன் வந்தான். வழக்கமாகத் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவன், அன்று ஆட்டோவை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்து தள்ளுவண்டி ஓரமாக மணலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னாய்யா, சவாரி இல்லியா?"

"செங்கல்பட்டு சவாரி போனேன். அந்த பேங்க் எதுத்தாப்ல டீக்கடை. அந்த ஆளு எல்லாத்தையும் பாத்துகினு இருந்திருக்கான்." எல்லப்பன் மணலைக் கையில் அள்ளி விட்டான். "சாவல. தோள்ல பட்டுகீது. பொத்தேரி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பையனாம். ஃபிரெண்டப் பாத்து வெளாட்டுக்கு நீட்டிகிறான். பணம் ஏத்துற வண்டி நிக்குது, அந்த காவலுக்கு நின்ன ஆளு வயசானவரு. மிலிட்டரில இருந்து வந்தவராம். அவரு இன்னா பண்ணுவாரு? சுட்டுட்டு, அந்த பையனத் தூக்கி மடில வெச்சுகினு அவரும் அழுதாராம்."

"அய்யோ."

"இன்னொண்ணு கீது." அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்ஸ்பெக்டர் வந்து அந்தத் துப்பாக்கிய எடுத்து, வாயில நகத்தால சொரண்டிகிறாரு. கறுப்பு உரிஞ்சு உள்ள சிவப்பு தெரிஞ்சுதாம். 'இத்த எவன்யா மறைச்சது? இந்த சிவப்பப் பாத்திருந்தா சுட்டிருக்கவே மாட்டாரே'ன்னு கத்திகிறாரு. பொம்மைன்னு தெரியத்தான் அந்த சிவப்பாம்மே. அதுக்குத்தான் போட்டு அனுப்புறானாம்."

வேண்டா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஒட்டிய கறுப்பு எத்தனை சீயக்காய்க்கும் போகாமல் அப்படியே இருந்தது. அது தான் விற்ற துப்பாக்கியா, வேறு யாராவது விற்றதா என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தக் கரையில் ஈர்க்குச்சி எடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் அது அவள் நெஞ்சில் இறங்கியது. ஹேண்ட்ஸ் அப் சொல்லப் போறேன். பாதி முளைத்த பல்லோடு சொன்னானே. காலையில் சிரித்தாளே.

"யோவ், எழுந்திரு."

"இன்னாமே?"

"காலைல ஒண்ணு குடுத்துட்டேன்யா. போணிக்கு. டவுன்ஷிப் சார் பையனுக்கு. கேட்ல போய் நீட்டப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்."

எல்லப்பனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "கூட அவங்கப்பா இருக்காரு இல்ல? அவரு பாத்துக்க மாட்டாரா?"

"அவரும்தான்யா சிரிச்சாரு! அவருக்கு இன்னா தெரியும்? பொம்ம வாங்கினதா நெனச்சுகினு போறாரு."

முனியம்மாவிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் அந்த சார் வீட்டுக்குப் போன் போட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வதைவிட வேண்டா ஓடினாள், எல்லப்பன் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தான். "ஒண்ணு சொல்றேன் கேளு. போன்ல பேசுனா பெயிண்ட் அடிச்சது நான்தான்னு சொல்லணும். அவரு பெரிய ஆபீசரு. நாளைக்கு ஸ்டேஷன்ல சொன்னாருன்னா? செங்கல்பட்டு கேஸையும் சேத்து நம்ம தலைல கட்டுவாங்கோ."

"கட்டட்டும்."

"இல்ல, ஒரு பேச்சுக்கு..."

"வாய மூடிகினு வர்றியா?"

சாராளின் எஸ்.டி.டி. பூத்தில் ஆள் இல்லை. சாராள் ஒரு வார இதழை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். வேண்டா சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவளுக்கு எண்கள் எப்போதுமே கைகொடுக்கும், ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி அடித்தது. அடித்து அடித்து அதுவாகவே நின்றது.

"எடுக்கலியா?" என்றாள் சாராள், கண்ணாடிக்கு வெளியிலிருந்து.

"இல்லக்கா. இன்னொரு தபா போடுறேன்."

"சண்டே ஆச்சே, சர்ச்சுக்கோ சினிமாவுக்கோ போயிருப்பாங்க."

எல்லப்பன் பூத் வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். மனைவி முகத்தைப் பார்த்த பிறகு அவனிடம் பழைய பேச்சு இல்லை. கண்ணாடியைத் தட்டினான். "ஏ வேண்டா, அந்த கேட்டுக்கே ஒரு போன் போட்டா இன்னா? ஆபீஸ் நம்பரு யாராவது குடுப்பாங்கோ. இந்த மாதிரி, பையன் வருவான், பாத்துக்கோங்கன்னு."

அவளும் அதை நினைத்தாள். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நினைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளை, கடற்கரையிலிருந்து பேசுகிறாள். துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஒருத்தன் வருகிறான் என்கிறாள். அது பொம்மைதான் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் என்னவெல்லாம் நடக்கும்? கேட்டில் சும்மா நின்றுகொண்டிருப்பவர்கூட அதைக் கேட்டபிறகு சும்மா நிற்பாரா? தெரிந்த பையன், தினமும் சல்யூட் அடிக்கிற பையன் என்று அவருக்கு ஞாபகம் இருக்குமா? இருக்கலாம். காலையிலிருந்து நிற்பவர் மாறி வேறு ஆள் வந்திருந்தால்?

"வாணாம்யா. துப்பாக்கின்னு ஒரு வார்த்தை காதுல வுழுந்தாலே பேஜாராயிடும். நாம சொல்லியே வெனை வந்துடும்."

"அப்போ வா, வண்டில போயிடலாம். முட்டுக்காட்லேர்ந்து இந்த வழியாத்தானே வரணும்."

"வந்து தாண்டிப் போயிருந்தா? வூட்ல இருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சுடும். அந்த அம்மாவாவது எடுக்கும். கேட்டுக்கு ஓடிப் போய் நிக்கும்." மறுபடியும் எண்களை அழுத்தினாள். "நீ வண்டிய ஸ்டார்ட் பண்ணி வை. இது ஒரு தபா."

ஆட்டோ உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் காதில் ஒன்றும் விழாமல், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். பூத்துக்குள் புழுக்கம். வியர்வையில் அட்டையிலிருந்த பேனா எழுத்து கசிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். சார், நான் வேண்டா பேசுறேன். சிப்பித் திரைக்கு இல்ல சார். அந்தத் துப்பாக்கிய தம்பிகிட்டேர்ந்து மொதல்ல வாங்குங்க. வாயில நகத்த வெச்சு சொரண்டுங்க, சிவப்பு வரும். நான்தான் சார் கறுப்படிச்சேன். எனக்குத் தெர்ல சார்.

வெளியே எல்லப்பன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். முட்டுக்காட்டிலிருந்து வரும் சாலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. எந்தக் காரில் யார் என்று அங்கிருந்து தெரியவில்லை. அவள் அவனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள், இரு, இதோ என்று.

கல்பாக்கத்தில் ஒரு வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"எடு சார்," என்றாள். "எடுங்கோ."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.